இடைக்கால ஐரோப்பாவின் வாள்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் காலத்து வாள்களை இடைக்கால வாள்கள் என்கிறோம்?

மேற்கு ரோமப் பேரரசு வீழ்ந்த ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி ஏறத்தாழ 1500 வரையிலான ஆயிரம் ஆண்டுகளை ஐரோப்பிய வரலாற்றாசிரியர்கள் இடைக்காலம் என்பர். ரோமக் குதிரைப்படையினர் ஏந்திய ஸ்பாத்தா என்னும் நீண்ட நேர்வாள் ஜெர்மானியக் குடிகளின் கைக்குச் சென்று, பின்னர் பிராங்கியர், ஆங்கிலோ-சாக்சன்கள், வைக்கிங்குகள் ஆகியோரிடம் வளர்ந்தது. இடைக்காலத்தின் நேரான, இருபுறமும் கூர்மையுள்ள வாள்களில் பெரும்பாலானவை இந்த ஒரே மரபில் வந்தவை. மெலிந்த அலகும் விரல்களைச் சுற்றி வளையும் காப்புக் கம்பிகளும் கொண்ட ரேப்பியர், இக்காலத்தின் இறுதியில் தோன்றினாலும் அடுத்த நூற்றாண்டுக்கே உரியது என்பதால், அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. இரு கைகளால் வீசப்படும் பெரிய வாள்களிலும் பல 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவையே. ஆயினும் அவற்றைப் பற்றிக் கேட்காதவர் இல்லை என்பதால் அவற்றுக்கு மட்டும் இடம் தரப்பட்டுள்ளது.

இந்த வாள்களை வகை பிரித்தவர்கள் யார்?

வைக்கிங் காலத்து வாள்களைப் பிடியின் அமைப்பைக் கொண்டு 1919இல் வகைப்படுத்தியவர் நார்வே தொல்லியலாளர் யான் பீட்டர்சன். அவருடைய விரிவான பட்டியலை 1927இல் ஏழு வகைகளாகச் சுருக்கியவர் மார்ட்டிமர் வீலர். பின்னாளில், 1945இல், புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டை அகழ்ந்தவரும் இதே வீலர்தான். அந்த ஏழுடன் மேலும் இரண்டைச் சேர்த்த ஆங்கில ஆய்வாளர் ஈவர்ட் ஓக்ஷாட் (1916–2002), அதற்குப் பிந்தைய வாள்களுக்குத் தம் சொந்த வரிசையை 1960களில் வகுத்தார். அவருடைய எண்கள் 10இல் தொடங்கி 22இல் முடிவதற்குக் காரணம் இதுதான்.

ஓக்ஷாட் பிடியின் அலங்காரத்தை விட்டுவிட்டு அலகையே அடிப்படையாகக் கொண்டார். அலகு முனையை நோக்கி எவ்வளவு குறுகுகிறது, அதன் குறுக்குவெட்டு தட்டையா, வைர வடிவா, அறுகோணமா, நடுப்பள்ளம் எவ்வளவு தூரம் ஓடுகிறது, பிடி ஒரு கைக்குப் போதுமானதா, இரு கைகளுக்கும் இடம் தருகிறதா என்பவையே அவர் பார்த்தவை. பிடியும் அதன் முனையிலுள்ள குமிழும் உடைந்தால் மாற்றப்படும். ஒரே அலகு மூன்று தலைமுறைகளில் மூன்று பிடிகளைக் கண்டிருக்கலாம். ஆகவே அலகை நம்பிய அவருடைய முடிவு சரியானதே. ஆனால் இவ்வகைகள் யாவும் நம் காலத்து அறிஞர்களின் வசதிக்காக ஏற்பட்டவை என்பதை மறந்துவிடக் கூடாது. 14ஆம் நூற்றாண்டுக் கொல்லர் எவரும் பதினைந்தாம் வகை வாள் ஒன்றைச் செய்வதாக எண்ணிக்கொண்டு உலைக்கு முன் நின்றதில்லை.

வாளின் வடிவம் ஏன் மாறிக்கொண்டே வந்தது?

எதிரி உடுத்தியிருந்த கவசம் மாறிக்கொண்டே வந்ததுதான் முதன்மையான காரணம். 11ஆம் நூற்றாண்டின் வீரன் இரும்பு வளையங்களைக் கோத்த சங்கிலிக் கவசமும் மூக்கை மறைக்கும் பட்டை கொண்ட தலைக்கவசமும் அணிந்து பெரிய கேடயம் ஒன்றைத் தாங்கினான். பலரிடம் கேடயத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. முகம், கைகள், முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி ஆகியவை திறந்தே கிடந்தன. அத்தகைய உடலை வெட்டுவதற்கு அகன்ற, மெல்லிய, முனை வட்டமாக முடியும் அலகு போதும். ஓக்ஷாட்டின் பத்தாம் வகை இத்தகையது: நடுவில் அகன்ற பள்ளம் அலகின் முழு நீளத்துக்கும் ஓட, ஓரங்கள் ஏறத்தாழ இணையாகவே சென்று முடியும்.

12, 13ஆம் நூற்றாண்டுகளில் சங்கிலிக் கவசம் கைவிரல் நுனி முதல் கால்விரல் வரை உடலை மூடத் தொடங்கியது. அதன் அடியில் பஞ்சும் துணியும் அடைத்துத் தைத்த தடித்த அங்கியும் சேர்ந்தது. கொல்லர்கள் இதற்கு இரண்டு விதமாக விடை கண்டனர். ஒன்று, வெட்டின் வலிமையைக் கூட்டுவது: பதின்மூன்றாம் வகையான அகன்ற போர்வாள்கள் இதில் அடங்கும். மற்றொன்று, முனையைக் கூர்மையாக்கி வளையங்களைப் பிளக்கக் குத்துவது. 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து துணிக்கடியில் தைத்த இரும்புத் தகடுகளும், 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் உடல் முழுவதையும் மூடும் தகட்டுக் கவசமும் வந்தபோது, இரண்டாவது விடையே வென்றது. பள்ளம் மறைந்து, நடுவில் முதுகெலும்பு போன்ற மேடு எழுந்த வைர வடிவக் குறுக்குவெட்டு பரவியது. அலகு பிடியருகே அகன்றும் முனையில் ஊசி போன்றும் அமைந்தது. பதினைந்தாம், பதினேழாம், பதினெட்டாம் வகைகள் இந்தப் போக்கில் பிறந்தவை.

இந்த மாற்றம் ஒரே இரவில் நிகழ்ந்ததாக எண்ண வேண்டாம். ஒரே பத்தாண்டில், ஒரே படையில், வெட்டுவாளும் குத்துவாளும் அருகருகே இருந்தன, ஏனெனில் எல்லோரிடமும் புதிய கவசம் இருக்கவில்லை. 1361இல் டென்மார்க் மன்னர் நான்காம் வால்டமாரின் படை கோத்லாந்துத் தீவின் உழவர் படையை விஸ்பி நகரின் வெளியே அழித்தது. அங்கே தோண்டியெடுக்கப்பட்ட பெரும் புதைகுழிகளின் எலும்புகளில் முழங்காலுக்குக் கீழே விழுந்த வெட்டுகள் ஏராளம். புதைந்தவர்களின் கவசங்கள் பல, அக்காலத்தின் நோக்கில்கூடப் பழையவை. உடலை மூடிய கவசம் காலை மூடாதபோது வாள் எங்கே போகும் என்பதற்கு அந்த எலும்புகளைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

வைக்கிங் வாள்களின் சிறப்பு என்ன? உல்ஃப்பெர்ட் வாள் என்பது எது?

வைக்கிங் வாள் என்று அழைக்கப்பட்டாலும் இவற்றின் நல்ல அலகுகளில் பல, ரைன் நதிக்கரையிலிருந்த பிராங்கிய உலைக்களங்களில் உருவானவை. வடபுலத்தார் அவற்றை வாங்கியோ கவர்ந்தோ கொண்டுசென்று தம் விருப்பப்படி பிடி பொருத்திக்கொண்டனர். இந்த வணிகம் பிராங்கிய அரசர்களுக்குப் பெரும் தலைவலியாக இருந்தது. சார்லமேன் 805இல் ஸ்லாவியருக்கும் அவார்களுக்கும் ஆயுதம் விற்பதைத் தடை செய்தார்; அவருடைய பேரன் வழுக்கைத் தலையர் சார்லஸ் 864இல் பீத்ர் என்னுமிடத்தில் பிறப்பித்த ஆணை, வைக்கிங்குகளுக்குக் கவசமோ ஆயுதமோ குதிரையோ கொடுப்பவருக்கு மரண தண்டனை விதித்தது. தண்டனை அவ்வளவு கடுமையாக இருந்ததே வணிகம் எவ்வளவு செழித்தது என்பதைக் காட்டிவிடுகிறது.

ஆறாம் நூற்றாண்டு முதல் ஒன்பதாம் நூற்றாண்டு வரை உயர்ந்த அலகுகள் பல, வெவ்வேறு தன்மையுள்ள இரும்புக் கம்பிகளை முறுக்கி, சூட்டில் அடித்து ஒட்டிச் செய்யப்பட்டன. மெருகேற்றும்போது மேற்பரப்பில் அலையலையாக வடிவங்கள் தெரியும். 1939இல் இங்கிலாந்தின் சட்டன் ஹூ புதைமேட்டில் கிடைத்து இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஏழாம் நூற்றாண்டு வாள் இம்முறையில் செய்யப்பட்டதே. சீரான எஃகு கிடைக்கத் தொடங்கியதும் இந்த முறை மெல்ல மறைந்து, அலகில் இரும்பெழுத்துகளைப் பதிக்கும் வழக்கம் வந்தது.

அந்த எழுத்துகளில் புகழ்பெற்றது உல்ஃப்பெர்ட் என்னும் பிராங்கியப் பெயர். சிலுவைக் குறிகளோடு இப்பெயர் பதித்த வாள்கள் ஏறத்தாழ 170 கிடைத்துள்ளன. ஒன்பதாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரை நீளும் இவை ஒரே கொல்லரின் வேலையாக இருக்க முடியாது. ஒரு பட்டறையின் முத்திரையாகவோ, அதன் புகழைக் கண்டு பிறர் நகலெடுத்த பெயராகவோ கொள்வதே பொருந்தும். எழுத்துப் பிழையோடு கிடைத்த வாள்களின் எஃகு பெரும்பாலும் மட்டமாக இருப்பதால் போலிச் சரக்கு அன்றும் இருந்தது என்று அறிகிறோம். சில உல்ஃப்பெர்ட் அலகுகளில் கரிமச்சத்து மிகுந்த, கசடு குறைந்த எஃகு காணப்படுகிறது. அது மூசையில் உருக்கி எடுத்த எஃகாக இருக்கலாம் என்றும், வோல்கா நதி வழியாகக் கிழக்கிலிருந்து வந்திருக்கலாம் என்றும் உலோகவியலாளர் ஆலன் வில்லியம்ஸ் கருதினார். இதை ஏற்காதவர்களும் உண்டு. மூசை எஃகு என்றதும் நமக்கு நொய்யல் கரையிலுள்ள கொடுமணல் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் கொடுமணல் உலைகள் இந்த வாள்களுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. இரண்டையும் இணைத்து எழுதப்படும் பெருமைக் கதைகளுக்கு ஆதாரம் இல்லை.

அலகின் நடுவே ஓடும் பள்ளம் இரத்தம் வடிவதற்காகவா?

இல்லை. அது அலகின் விறைப்பை அதிகம் குறைக்காமல் எடையைக் குறைக்கிறது. எதிரியின் உடலிலிருந்து வாளை உருவுவதற்கு அது தேவை என்னும் விளக்கமும் கற்பனையே.

நைட்டுகள் இடுப்பில் அணிந்த வாள் எது?

நைட் எனப்படும் குதிரை வீரர் வகுப்பினர் 11ஆம் நூற்றாண்டிலிருந்து 15ஆம் நூற்றாண்டு வரை அணிந்தது ஒரு கையால் பிடிக்கும் நேர்வாள். அலகு பெரும்பாலும் 70 முதல் 80 சென்டிமீட்டர் நீளம். எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். அலகின் தொடர்ச்சியான மெல்லிய காம்பு, கையைக் காக்கும் குறுக்குக் காப்பையும் மரப்பிடியையும் கடந்து குமிழுக்குள் புகுந்து, மறுமுனையில் அடித்து மடக்கப்பட்டிருக்கும். குமிழ் வெறும் அலங்காரம் அன்று: அலகின் எடைக்கு எதிர் எடையாக நின்று, சமநிலைப் புள்ளியைக் கைக்கு அருகே இழுத்துவருவது அதுவே.

இந்த வாளின் துணை கேடயம். குதிரைமேல் பெரிய கேடயமும், தரையில் பக்லர் என்னும் சிறிய வட்டக் கேடயமும் இடக்கையில் இருந்தன. காப்பு நேராக அமைந்ததால் வாள் சிலுவை போலத் தோன்றியது. அந்த ஒற்றுமையைத் திருச்சபை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. வாளைப் பீடத்தின்மேல் வைத்து மந்திரித்து இளைஞனின் இடுப்பில் கட்டுவது நைட் பட்டம் அளிக்கும் சடங்கின் பகுதியாயிற்று.

நீள்வாள் எவ்வாறு வேறுபடுகிறது?

பிடியில்தான் முதலில் வேறுபாடு தெரியும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இடக்கையையும் வைத்துக்கொள்ளத்தக்க பிடியுள்ள வாள்கள் பெருகின. ஓக்ஷாட் பதின்மூன்று-அ என்று குறித்த போர்வாள்கள் குதிரைமேல் ஒரு கையாலும், தரையில் இரு கைகளாலும் வீசத்தக்கவை. 14, 15ஆம் நூற்றாண்டுகளில் மொத்த நீளம் 100 முதல் 130 சென்டிமீட்டரும், எடை 1.2 முதல் 1.8 கிலோவும் கொண்ட நீள்வாள் முழு வடிவம் பெற்றது. தகட்டுக் கவசம் அணிந்தவனுக்குக் கேடயம் தேவையற்ற சுமையாகிப்போனதால் விடுபட்ட இடக்கை வாளின் பிடிக்கு வந்தது என்பது வழக்கமான விளக்கம். அது ஓரளவு உண்மை. ஆனால் கவசம் இன்றி நகர வீதியில் நடந்த சண்டைகளுக்கும் பயிற்சிக்கூடங்களுக்கும் இதே வாளே விருப்பமாக இருந்ததை அது விளக்கவில்லை. இரு கைகள் சேர்ந்தால் நெம்புகோல் போல முனையை நொடியில் திருப்பலாம். வேகத்துக்கும் கட்டுப்பாட்டுக்கும் கிடைத்த இந்த நன்மையே நீள்வாளை இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் வாழவைத்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

வாளால் இரும்புத் தகட்டைப் பிளக்க முடியுமா?

முடியாது. திரைப்படங்களில் மார்புக்கவசம் தகரம் போல் கிழிவது வெறும் காட்சிக்காக. நல்ல சங்கிலிக் கவசத்தைக்கூட வாளின் வெட்டு எளிதில் அறுப்பதில்லை. உள்ளே எலும்பை முறிக்கலாம், அவ்வளவே.

அப்படியானால் தகட்டுக் கவசம் பூண்ட இருவர் வாளேந்தி என்ன செய்தார்கள்? இத்தாலியின் ஃபிரியூலிப் பகுதியைச் சேர்ந்த ஃபியோரே தெய் லிபெரி 1410 அளவில் எழுதி ஃபெராரா ஆட்சியாளர் நிக்கோலோ தெஸ்தேவுக்குக் காணிக்கையாக்கிய போர்க்கலை ஓவியச் சுவடி இதற்கு விடை தருகிறது. வலக்கை பிடியிலும் இடக்கை அலகின் நடுவிலுமாகப் பற்றி, வாளைக் குறுகிய ஈட்டியாக்கி, அக்குள், உள்ளங்கை, முழங்கால் மடிப்பு, முகமூடியின் பிளவு ஆகிய தகடு மூடாத இடங்களைத் தேடிக் குத்தினார்கள். அலகைக் கையால் பற்றினால் வெட்டாதா என்ற ஐயம் எழுவது இயல்பு. இறுகப் பற்றி, கைக்குள் வழுக்கவிடாமல் இருக்கும் வரை வெட்டாது. வெட்டுக்கு அழுத்தத்துடன் இழுவையும் வேண்டும். ஜெர்மானியச் சுவடிகளில் இன்னும் ஒரு படி மேலே போய், அலகை இரு கைகளாலும் பற்றி, குமிழையும் காப்பையும் சம்மட்டியாக்கித் தலையில் அடிக்கும் காட்சிகளும் உள்ளன.

இதற்கென்றே பிறந்தது எஸ்தோக் என்னும் குத்துவாள். அதற்கு வெட்டும் ஓரமே கிடையாது. முக்கோணமாகவோ சதுரமாகவோ குறுக்குவெட்டு கொண்ட நீண்ட எஃகுக் கம்பி என்றே அதைச் சொல்லலாம்.

ஒருபுறம் மட்டும் கூர்மையுள்ள வாள்களும் இருந்தனவா?

இருந்தன; படங்களில் அதிகம் காட்டப்படாததால் பலரும் அறிவதில்லை. தொடக்க இடைக்காலத்தில் சாக்சன் முதலிய ஜெர்மானியக் குடியினர் சீக்ஸ் என்னும் ஒருபுறக் கூர்மையுள்ள கத்தியை இடுப்பில் வைத்திருந்தனர். சமையல் கத்தி அளவிலிருந்து சிறிய வாள் அளவு வரை அது பல நீளங்களில் உண்டு. 1857இல் லண்டனில் தேம்ஸ் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்ட பத்தாம் நூற்றாண்டுச் சீக்ஸ் ஒன்றின் அலகில் ஆங்கிலோ-சாக்சன் ரூனிக் எழுத்துகள் 28உம் வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன. அதன் அருகே பியாக்நாத் என்னும் பெயரும் உள்ளது.

13ஆம் நூற்றாண்டில் பரவிய ஃபால்ஷன் முனையை நோக்கி அகன்று செல்லும் அலகுடையது. அதைக் கண்டவர்கள் மரம் வெட்டும் கருவி போல் கனமானது என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் அதன் அலகு தாள் போல மெலிந்து செல்வது. கவசமற்ற உடலை ஆழமாக வெட்டுவதற்கென்றே அமைந்தது. இங்கிலாந்தின் டர்ஹாம் பேராலயக் கருவூலத்தில் உள்ள கான்யர்ஸ் ஃபால்ஷன் 89 சென்டிமீட்டர் நீளமும் ஏறத்தாழ 1.3 கிலோ எடையும் கொண்டது. சாக்பர்ன் ஊரை அச்சுறுத்திய பறவைநாகம் ஒன்றைக் கான்யர்ஸ் குடும்பத்து முன்னோர் இதனால் கொன்றதாகக் கதை. அக்குடும்பம் தன் நிலவுரிமைக்கு ஈடாக, டர்ஹாம் ஆயராகப் புதிதாக வருபவரிடம் மறைமாவட்ட எல்லையில் இந்த வாளை நீட்ட வேண்டும் என்பது வழக்கம். 1826க்குப் பின் நின்றுபோன அச்சடங்கு 1984இல் மீண்டும் தொடங்கப்பட்டது.

ஜெர்மானிய நிலங்களில் 15ஆம் நூற்றாண்டில் எங்கும் காணப்பட்டது மெஸ்ஸர். இதன் காம்பு பிடிக்குள் மறையாமல், வீட்டுக் கத்திக்குச் செய்வது போல இரு பக்கமும் மரத்துண்டு வைத்து ஆணி அறையப்பட்டிருக்கும். கைவிரல்களைக் காக்க, காப்பிலிருந்து பக்கவாட்டில் ஒரு முளை நீளும். வாள் செய்யும் கொல்லர்களுக்கும் கத்தி செய்வோருக்கும் தனித்தனித் தொழிற்சங்கங்கள் இருந்ததால், கத்திக்காரர்கள் தம் உரிமையின் எல்லைக்குள்ளேயே வாளைச் செய்ய இப்படி ஒரு வழி கண்டனர் என்று விளக்குவதுண்டு. நகரத்தார், உழவர், மாணவர் என எல்லோரும் இதை அணிந்தனர். பவேரியாவில் பங்குக்குருவாக இருந்த யோஹன்னஸ் லெக்கூக்னர் நீண்ட மெஸ்ஸரைக் கையாளும் கலையைப் பற்றி மட்டுமே ஒரு பெரிய சுவடி எழுதினார். படங்களுடன் கூடிய அதன் பிரதி 1482இல் முடிந்தது, அதே ஆண்டில் அவரும் இறந்தார்.

வளைந்த வாள்கள் ஐரோப்பாவுக்குத் தெரியாதவையா?

கிழக்கு ஐரோப்பாவில் நன்றாகவே தெரிந்தவை. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கார்பாத்தியச் சமவெளிக்கு வந்த மாகியர்கள் புல்வெளிக் குதிரைவீரர்களின் மெல்லிய வளைவாளைக் கொண்டுவந்தனர். வியன்னாவின் அரச கருவூலத்தில் சார்லமேனின் வாள் என்று போற்றப்படும் அழகிய வளைவாளும் அத்தகைய கிழக்கு ஐரோப்பிய வேலையே. ஆனால் ஸ்பெயினின் தென்முனையில், கிரனாடாவை ஆண்ட முஸ்லிம் அரசகுலமான நஸ்ரித் மன்னர்கள் வளைவாளை அன்று, கினேத்தா என்னும் நேர்வாளையே போற்றி, அதில் தங்கமும் எனாமலும் யானைத்தந்தமும் இழைத்தனர். கடைசி மன்னர் போவாப்தில் 1483இல் லூசேனா போரில் சிறைப்பட்டபோது அவரிடமிருந்து கைப்பற்றப்பட்டதாகக் கருதப்படும் வாள் இன்றும் ஸ்பெயினில் உள்ளது.

இரு கைப் பெருவாள்களின் எடை எவ்வளவு?

போரில் பயன்பட்டவை 2 முதல் 3.5 கிலோ வரை. ஜெர்மன் கூலிப்படையினரான லாண்ட்ஸ்க்னெக்டுகள் 16ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஏந்திய ஸ்வைஹேண்டர் 140 முதல் 180 சென்டிமீட்டர் வரை நீளும். காப்புக்கு மேலே அலகில் கூர்மையில்லாத பகுதி ஒன்றும், அதன் முடிவில் எதிரியின் ஆயுதத்தைத் தடுக்க இரு கொக்கிகளும் இருக்கும். சிலவற்றின் ஓரம் தீச்சுடர் போல் நெளியும். இவற்றை ஏந்தியவர்கள் இரட்டைக் கூலி பெறும் தேர்ந்த வீரர்கள். எதிரியின் நீண்ட ஈட்டிக் காட்டை வெட்டிச் சாய்ப்பதே இவர்கள் வேலை என்று சொல்லப்படுவதைக் காட்டிலும், கொடியையும் தலைவனையும் சுற்றி நின்று பலரை ஒருவராகத் தடுப்பதற்கு இவ்வாள் மிகப் பொருத்தமானது என்பதே நம்பத்தக்கது. ஸ்காட்லாந்து மலைநாட்டினரின் கிளேமோர் இதைவிடச் சற்றுச் சிறியது. அலகை நோக்கிச் சாய்ந்த காப்பும், அதன் நுனிகளில் நான்கிதழ்ப் பூ வடிவ வளையங்களும் அதன் அடையாளம்.

நெதர்லாந்தின் லேவார்டன் அருங்காட்சியகத்தில், பியர் கெர்லோஃப்ஸ் தோனியா என்னும் ஃபிரிசியக் கிளர்ச்சித் தலைவருடையது எனப்படும் வாள் 2.13 மீட்டர் நீளமும் 6.6 கிலோ எடையும் உடையது. இத்தகைய அளவுள்ளவை பெரும்பாலும் ஊர்வலங்களில் அதிகாரத்தின் சின்னமாகத் தூக்கிச் செல்லப்பட்டவை. இடைக்கால வாள்கள் பத்துப் பதினைந்து கிலோ இருந்தன என்னும் பழைய பேச்சுக்கு இவற்றைப் பார்த்துத் தவறாகக் கணித்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு கை வாளின் உண்மையான எடை, நிறைந்த ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியை ஒட்டியதுதான்.

வாள்தான் போரில் முதன்மை ஆயுதமா? சாதாரண மக்களிடமும் அது இருந்ததா?

போர்க்களத்தில் முதலிடம் ஈட்டிக்கே. குதிரை வீரன் நீண்ட ஈட்டியுடன் பாய்ந்தான். காலாள் ஈட்டியோ கோடரியோ வில்லோ ஏந்தினான். அவை முறிந்தபின் அல்லது நெருக்கம் கூடியபின் கை வாளுக்குப் போயிற்று. வாளின் தனிச்சிறப்பு அதை நாள் முழுதும் இடுப்பில் அணிந்து நடக்கலாம் என்பதே.

விலையைப் பொறுத்தவரை காலத்துக்குக் காலம் பெரும் வேறுபாடு உண்டு. பிராங்கியரின் ரிபுவாரியச் சட்டம் அபராதத் தொகைக்கு ஈடாகப் பொருள் கொடுப்பதற்கான மதிப்பை வகுத்தபோது, உறையுடன் கூடிய வாளுக்கு 7 சாலிடஸ் (பொற்காசு), உறையில்லாத வாளுக்கு 3, சங்கிலிக் கவசத்துக்கு 12, கேடயத்துக்கும் ஈட்டிக்கும் சேர்த்து 2 என்று குறித்தது. கொம்பும் கண்பார்வையும் உடல்நலமும் உள்ள எருதின் மதிப்பும் அந்த 2தான். உறைக்கு மட்டும் இரண்டு எருதுகள் என்பது இன்று கணக்குப் பார்ப்பவரைத் திகைக்க வைக்கும். ஆனால் 1285இல் இங்கிலாந்தின் வின்செஸ்டர் சட்டம், ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் நிலம் மட்டுமே உள்ளவர்கூட வில், அம்பு, கத்தியுடன் வாளும் வைத்திருக்க வேண்டும் என்றது. அதற்குள் இரும்பு மலிந்து, வாள் சிறு நிலக்காரரின் வீட்டுக்கும் வந்துவிட்டது. அதே 1285இல் லண்டன் நகருக்கென இயற்றப்பட்ட சட்டமோ வாள்-பக்லர் பயிற்சிக்கூடங்களை நடத்தக் கூடாது என்று தடுத்தது. வாள் வைத்திருக்க வேண்டும், ஆனால் நகரில் அதைக் கற்பிக்கக் கூடாது என்பதே அரசின் நிலை.

வாட்போர் அக்காலத்தில் முறையாகக் கற்பிக்கப்பட்டதா?

ஆம். லீட்ஸ் நகரில் உள்ள அரச ஆயுதக் காட்சியகம் வைத்திருக்கும், 1300ஐ ஒட்டிய காலத்து லத்தீன் சுவடியே இன்று எஞ்சியுள்ள ஐரோப்பிய வாட்போர் நூல்களில் மிகப் பழையது. ஒரு குருவானவர் மாணவனுக்கு வாளும் பக்லரும் பயிற்றுவிப்பதைப் படங்களாகக் காட்டும் அச்சுவடியின் இறுதியில், வால்புர்கிஸ் என்னும் பெண்ணும் வாளெடுத்து நிற்கிறார். 14ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் ஆசான் யோஹன்னஸ் லீக்டனாவர் நீள்வாள் நுணுக்கங்களை, வெளியார்க்குப் பொருள் விளங்காத செய்யுள்களாக யாத்தார். பின்வந்தவர்கள் அவற்றுக்கு உரை எழுதினர். சூத்திரமும் உரையுமாகக் கலையைக் காத்த அம்முறை நமக்குப் புதிதாகத் தோன்றாது. 1487இல் பேரரசர் மூன்றாம் பிரெடெரிக், பிராங்க்பர்ட்டை மையமாகக் கொண்ட மார்க்ஸ்புரூடர் என்னும் வாளாசான் சங்கத்துக்கு உரிமைப்பத்திரம் வழங்கினார்.

இவை எங்கே செய்யப்பட்டன?

பாசாவ், சோலிங்கன், கோலோன், மிலான், பிரெஸ்சியா, தொலேதோ ஆகியவை பெயர்பெற்ற நகரங்கள். பாசாவ் அலகுகளில் ஓடும் ஓநாய் ஒன்றைச் சில கோடுகளால் வெட்டிப் பித்தளைக் கம்பி பதித்தனர். அந்த ஓநாய்க்கு இருந்த மதிப்பைக் கண்டு சோலிங்கன்காரர்களும் அதையே பொறிக்கத் தொடங்கியதால், ஓநாயை மட்டும் கொண்டு ஒரு வாளின் ஊரைத் தீர்மானிப்பது இயலாது. அலகு ஓரூரிலும் பிடி வேறோர் ஊரிலும் உறை மூன்றாம் ஊரிலுமாக வேலை பிரிந்து நடந்ததும் உண்டு.

ஒரு வாளின் காலத்தை எவ்வாறு கணிக்கிறார்கள்?

புறச்சமயக் காலத்து வடபுலத்தார் இறந்தவருடன் வாளையும் புதைத்தனர். கிறிஸ்தவம் அந்த வழக்கத்தை நிறுத்தியபின் மண்ணுக்குள் கிடைக்கும் வாள்கள் அருகி, ஆறுகளே முதன்மை இடமாயின. பிரான்சின் தோர்தோன் ஆற்றில், 1453இல் நூறாண்டுப் போரின் இறுதிச் சமர் நடந்த காஸ்தியோனுக்கு அருகே, 1970களில் ஏறத்தாழ 80 வாள்கள் ஒன்றாகக் கிடைத்தன. கல்லறைச் சிற்பங்களும் சுவடி ஓவியங்களும் ஒப்பிட உதவுகின்றன.

யாவற்றிலும் உறுதியான சான்று எதிர்பாராத இடத்திலிருந்து வருகிறது. சைப்ரஸ் மன்னர் முதலாம் பீட்டர் 1365இல் அலெக்சாந்திரியாவைக் கொள்ளையடித்தார். 1426இல் எகிப்தை ஆண்ட மம்லூக்குகள் சைப்ரஸின்மேல் படையெடுத்து மன்னர் யானுஸைச் சிறைப்பிடித்தனர். போர்க்கொள்ளையாகவும் திறையாகவும் மம்லூக்குகளுக்குக் கிடைத்த ஐரோப்பிய வாள்கள் அலெக்சாந்திரியா ஆயுதச்சாலையில் சேர்க்கப்பட்டபோது, அலகின்மேல் அரபியில் ஆட்சியாளரின் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் பொறிக்கப்பட்டன. 1517இல் உதுமானியர் எகிப்தை வென்றபின் அவற்றில் பல இஸ்தான்புல்லுக்குச் சென்றன. சில இன்று டொரன்டோவின் அருங்காட்சியகத்திலும் உள்ளன. ஐரோப்பாவில் எவரும் குறித்துவைக்காத ஆண்டைக் மம்லூக்குகளின் எழுத்தர்கள் குறித்துவைத்ததால், அந்த வடிவம் குறைந்தது அந்த ஆண்டுக்குள் இருந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

புகழ்பெற்ற வீரர்களின் வாள்கள் என்று காட்டப்படுபவை உண்மையானவையா?

பெரும்பாலும் வாள் உண்மையானது, உடையவர் பெயர்தான் ஐயத்துக்குரியது. ஸ்டர்லிங்கில் உள்ள 163 சென்டிமீட்டர் நீள வாலஸ் வாள், 1305இல் கொல்லப்பட்ட ஸ்காட்லாந்து விடுதலை வீரர் வில்லியம் வாலஸின் காலத்து வடிவத்தோடு பொருந்தவில்லை. போலந்தின் முடிசூட்டு வாளான ஷ்செர்பியெட்ஸ், மன்னர் போலெஸ்வாவ் 1018இல் கீவ் நகரின் பொன்வாயிலில் அடித்ததால் அலகு சிதைந்தது என்பர். அந்த வாயில் கட்டப்பட்டதே 1037 அளவில்தான், வாளும் அதற்குப் பிந்தையது. பாரிசின் லூவ்ரில் சார்லமேனின் பெயரால் வைக்கப்பட்டிருக்கும் ழ்வாயூஸ், பல நூற்றாண்டுகளின் உறுப்புகள் சேர்ந்த ஒன்று.

இந்த வரிசையில் எதிர்பார்ப்புக்கு மாறாக அமைவது இத்தாலியின் சியேனா அருகே மொந்தேசியெப்பி சிற்றாலயத்தில் பாறைக்குள் செருகி நிற்கும் வாள். போர்வாழ்வைத் துறந்து 1181இல் இறந்த புனித கல்கானோ அதைப் பாறையில் குத்தினார் என்பது மரபு. பிற்காலத்துப் போலி என்றே பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். ஆனால் அதன் வடிவமும் உலோகமும் 12ஆம் நூற்றாண்டுக்குப் பொருந்துவனவாகவே ஆய்வில் தெரியவந்துள்ளன.